மீன் வெட்டிய இடத்தில் சம்பல் இடிக்கலாமா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இறைவன் தந்த பாக்கியங்களுள் ஒன்று மீன். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்தும், கொட்டியாரக் குடாவிலிருந்தும், தம்பலகாமக் குடாவிலிருந்தும் வரும் சூரை, அறக்குளா, பாரை, கீரி, இறால், நண்டு இல்லாமல் கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்திலும் பகல் சாப்பாடு சாப்பாடாகத் தோன்றுவதில்லை. காலையில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் ஒழுங்கையில் கேட்டதுமே குசினியின் வேலை வேகம் பிடித்துவிடுகிறது.

அந்தக் குசினியில் வேலை செய்யும் கைகளும் பல. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கம். ஆகவே உம்மா, மகள்மார், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினர் ஒரே குசினியில் புழங்கும் வீடுகள் இன்றும் நிறையவே இருக்கின்றன. சுபஹுக்குப் பின் தேநீர், பாடசாலைப் பிள்ளைகளுக்கு ரொட்டி, பகலுக்குச் சோறும் மீனும், அஸருக்குப் பின் மீண்டும் தேநீர், இரவுக்கு இடியப்பமோ புட்டோ. இடையிலே கைக்குழந்தைக்குப் பால் போத்தல். இத்தனையும் பெரும்பாலும் ஆறேழு அடி நீளமுள்ள ஒரே சீமெந்துத் தட்டின் மீதுதான் நடக்கின்றன.

சுத்தத்தைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது சிறு வயதிலேயே நமக்குப் புகட்டப்பட்ட பாடம். நமது பெண்கள் தேய்க்கவும் கழுவவும் சோம்பல் படுபவர்களும் அல்லர். அப்படியிருந்தும் நாளெல்லாம் துடைத்துக்கொண்டேயிருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வருவது ஏன்? தேய்க்கும் பலத்தில் அல்ல, வேலை செய்யும் ஒழுங்கில்தான் இதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை எதனோடு சேர்க்காமல் வைப்பது, எதைக் காயவிடுவது என்ற மூன்றும் சரியாக இருந்தால் பாதி உழைப்பிலேயே குசினி சுத்தமாக இருக்கும். இவை தவறினால் எவ்வளவு தேய்த்தும் பலன் குறைவு.

இது சிறிய விடயமல்ல. அசுத்தமான உணவினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். உலக மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இச்சின்னஞ்சிறுசுகள் மரணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு முடிவது, பால்குடிக் குழந்தைக்கு உடலின் நீர் வற்றி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.

மூத்தம்மாவின் குசினி

பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். மீன் குசினிக்குள் வந்ததேயில்லை. கிணற்றடியில், மரநிழலில், அதற்கென்றே வைத்திருந்த பலகையிலும் கத்தியிலும் வெட்டப்பட்டது. செதிலும் குடலும் அங்கேயே குழியில் புதைக்கப்பட்டன அல்லது பூனைக்குப் போயின. கழுவிய தண்ணீர் தென்னை மரத்தடிக்குப் போனது. கழுவி முடித்து உப்பும் மஞ்சளும் பூசிய துண்டுகள் மாத்திரம் சட்டியில் உள்ளே வந்தன. சம்பல் இடிக்கும் உரலும் தேங்காய் துருவும் துருவலையும் வேறொரு மூலையில் இருந்தன.

மூத்தம்மாவுக்குக் கிருமிகளின் பெயர்கள் தெரியாது. மீன் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. ஆனால் பச்சை மீனையும், அப்படியே உண்ணும் உணவையும் அவர் தாமாகவே பிரித்து வைத்திருந்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு வகுத்திருக்கும் ஐந்து விதிகளில் இரண்டாவது விதியும் இதுவே. சுத்தமாக இருத்தல், பச்சை உணவையும் சமைத்த உணவையும் பிரித்தல், நன்றாகச் சமைத்தல், உரிய வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் பொருட்களையும் பாவித்தல் என்பன அந்த ஐந்து விதிகள். 2001ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இவை பல மொழிகளில் உலகெங்கும் பரப்பப்பட்டன.

இப்போது குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது. டைல்ஸ் பதித்த தட்டும், தண்ணீர்க் குழாயும், கைகழுவும் தொட்டியும் வந்துவிட்டன. இது நல்ல முன்னேற்றம்தான். வெயிலிலும் மழையிலும் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் வெட்டிய காலம் திரும்ப வரவேண்டும் என்று யாரும் ஆசைப்படமாட்டார்கள். ஆனால் கிணற்றடி போனபோது அதனோடு சேர்ந்து அந்தப் பிரிவும் போய்விட்டது. மீன், கோழி, வெங்காயம், தேங்காய், ரொட்டி மா, பால் போத்தல் எல்லாம் ஒரே தட்டில், ஒரே பலகையில், ஒரே துணியைச் சுற்றி வந்து சேர்ந்தன. பழைய பிரிவைப் புதிய குசினிக்குள் திரும்பக் கொண்டுவருவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

‘கழுவித்தானே வைத்தேன்!’

மீன் வெட்டிய பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே வெங்காயம் வெட்டுகிறோம். கேட்டால், “கழுவித்தானே வைத்தேன்” என்போம். கண்ணுக்குப் பலகை சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் கண் சொல்வதை முற்றாக நம்ப முடியாது.

அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. ஆபத்தில்லாத ஓர் அடையாளக் கிருமியைக் கோழி இறைச்சியில் சேர்த்து, சாதாரணக் குடும்பத்தவர்களை வழக்கம்போலச் சமைக்கச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் நூற்றுக்கு 60 பேரின் தொட்டியில் பின்னர் கிருமி இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த பின்னரும் நூற்றுக்கு 14 பேரின் தொட்டியில் அது மிஞ்சியிருந்தது. நூற்றுக்கு 26 பேருடைய சலாதுக்குள்ளேயே அது போய்ச் சேர்ந்திருந்தது.

இதைக் கேட்டதும் “கோழியைக் கழுவுவதுதான் பிழை” என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கோழியைக் கழுவாதவர்களிலும் நூற்றுக்கு 31 பேரின் சலாதில் கிருமி காணப்பட்டது. இறைச்சியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போனதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதாவது தொட்டி, பலகை, கை ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் வளையங்கள்.

கோழியைக் கழுவாமல் சமைக்க நம்மவர் மனம் இடம் கொடாது. அப்படியானால் கழுவும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஓடும் குழாயின் கீழே பிடித்தால் தண்ணீர் தெறித்துச் சுற்றிலும் உள்ள கோப்பைகளிலும் பீங்கான்களிலும் படுகிறது. அதற்குப் பதிலாக ஆழமான ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்து, அதற்குள் மெதுவாக அலசுங்கள். அதற்கு முன்னர் தொட்டியைச் சுற்றியுள்ள பாத்திரங்களை அகற்றிவிடுங்கள். அலசிய தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றாமல் தாழ்வாகச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு தொட்டியையும் குழாயின் பிடியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இன்னுமொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஹலாலாக அறுக்கப்பட்ட கோழி என்பது வேறு, கிருமியற்ற கோழி என்பது வேறு. முதலாவதை அறுப்பவர் கவனிக்கிறார். இரண்டாவது நம் அடுப்பின் சூட்டிலும் நம் கையின் சுத்தத்திலும் தங்கியிருக்கிறது.

ஆபத்து ஆணத்தில் அல்ல, சம்பலில்

மீன் ஆணம் கொதிக்கிறது. பொரித்த மீன் கொதிக்கும் எண்ணெயில் வேகிறது. உணவின் நடுப்பகுதி வரை 70 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் பெரும்பாலான நோய்க் கிருமிகள் மடிந்துவிடும். ஆகவே மீனிலிருந்த கிருமி ஆணத்தின் வழியாக நம்மிடம் வருவது அரிது. அது வருவது அடுப்பைக் காணாத உணவு வழியாகத்தான்.

நம் வீட்டில் அடுப்பைக் காணாத உணவு எது? தேங்காய்ச் சம்பல். பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி எல்லாம் பச்சையாகவே சேர்ந்து, நேரே பீங்கானுக்குப் போகின்றன. வெள்ளரிக்காய், தக்காளி சேர்த்த சலாதும் அப்படியே. வெட்டி வைத்த மாம்பழமும் அப்படியே. குழந்தையின் பால் போத்தலும் சூப்பியும் அப்படியே.

எனவே மீன் வெட்டிய பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டுவதும், மீன் கழுவிய ஈரக் கையோடு துருவலையைப் பிடிப்பதும், மீன் பை வைத்த இடத்தில் பால் போத்தலை வைப்பதும்தான் உண்மையான ஆபத்து. சூடான, ஈரமான இடத்தில் வசதி கிடைத்தால் சில கிருமிகள் இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். இக்கணக்கில் நண்பகலில் ஒன்றாக இருந்தது மஃரிபுக்குள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடும். பகலில் இடித்த சம்பலை இரவு ரொட்டிக்கும் வைத்திருக்கும் வீடுகள் இக்கணக்கை யோசித்துப் பார்க்க வேண்டும். அப்போதைக்கப்போது வேண்டிய அளவு சம்பல் இடிப்பதே நல்லது. தேங்காய் விலை ஏறியிருக்கும் காலத்தில் வீண்விரயமும் இல்லாமற் போகும்.

வேலையின் வரிசையை மாற்றுங்கள்

செலவில்லாத மாற்றம் ஒன்று உண்டு. பச்சையாக உண்பவற்றை முதலில் செய்து மூடி வையுங்கள். மீனையும் இறைச்சியையும் கடைசியில் வெட்டுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இதற்கு மாறாகவே நடக்கிறது. மீன் வந்ததும் முதல் வேலையாக அதை வெட்டி, ஆணத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிக்கும் நேரத்தில் சம்பலும் சலாதும் செய்கிறோம். நேரத்தை மிச்சப்படுத்த அது வசதிதான். ஆனால் அசுத்தமான வேலையைச் செய்த இடத்திலேயே சுத்தமாக இருக்க வேண்டிய வேலையைச் செய்கிறோம். மீன் வருமுன்பே வெங்காயத்தையும் மிளகாயையும் வெட்டி, தேங்காயைத் துருவி, மூடி வைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றையொன்று தொடாது. மீன் முந்தி வந்துவிட்டால் அதை ஐஸோடு ஒரு பாத்திரத்தில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு மற்ற வேலையை முடியுங்கள். மேல் தட்டில் வைத்தால் அதன் நீர் கீழே உள்ள உணவில் சொட்டும்.

இடத்தையும் பிரித்துக்கொள்ளலாம். தட்டின் தொட்டிப் பக்கத்து முனை மீனுக்கும் இறைச்சிக்கும். மறுமுனை ரொட்டிக்கும் சம்பலுக்கும். பால் போத்தலுக்குத் தட்டில் இடமே வேண்டாம். அதற்கென்று மூடியுள்ள தனிப் பாத்திரமும் தனி மேசையும் இருக்கட்டும். சிறிய வீடாக இருந்து இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் மீன் வெட்ட விளிம்புள்ள ஒரு பெரிய தட்டத்தைப் பாவியுங்கள். பலகையை அதற்குள் வைத்து வெட்டினால் மீன் தண்ணீர் தட்டு முழுவதும் ஓடாது. வேலை முடிந்ததும் தட்டத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கழுவலாம்.

மரப் பலகையா, பிளாஸ்டிக் பலகையா?

மரப் பலகை கிருமியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் பலகையே நல்லது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மரத்தின் மீது விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டுத் திரும்ப எடுக்க முடியாதபடி குறைந்துபோயின. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதோ கடினமாக இருந்தது.

ஆகவே எந்தப் பலகை என்பதைவிட எத்தனை பலகை என்பதே முக்கியம். குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று மீனுக்கும் இறைச்சிக்கும், மற்றது பச்சையாக உண்பவற்றுக்கும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அடையாளம் தெரிய மீன் பலகையின் ஓரத்தில் ஒரு துளையிட்டுச் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். ஆழமான கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையையும் வெடிப்பு விழுந்த மரப் பலகையையும் கைவிட வேண்டும். கழுவிய பலகையைப் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்தோ தொங்கவிட்டோ காயவிடுங்கள்.

துடைக்கும் துணியே அழுக்கானால்?

குசினியில் அதிகம் ஊர் சுற்றுவது துடைக்கும் துணிதான். பழைய சாரத்துண்டு ஒன்று காலையில் தேநீர் சிந்தியதைத் துடைக்கிறது. பகலில் மீன் தண்ணீரைத் துடைக்கிறது. பிறகு கையைத் துடைக்கிறது. மாலையில் பிள்ளையின் வாயையும் துடைத்துவிடுகிறது! இரவு முழுவதும் ஈரமாகத் தொட்டியின் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது.

ஜெர்மனியில் 2017ஆம் ஆண்டு பாவனையிலிருந்த 14 குசினி ஸ்பொஞ்சுகளை ஆராய்ந்தபோது அவற்றில் 362 வகையான நுண்ணுயிர்கள் இனங்காணப்பட்டன. எல்லாமே நோய் தருபவை அல்ல. ஆனால் ஈரமும் உணவுத் துணுக்கும் சேர்ந்த ஸ்பொஞ்சு அவற்றுக்கு எவ்வளவு வசதியான வீடு என்பது தெரியவந்தது. நோர்வேயில் 2022ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, ஸ்பொஞ்சைவிடத் தூரிகையில் கிருமிகள் குறைவு என்று கண்டது. தூரிகை விரைவில் காய்ந்துவிடுவதே காரணம்.

இதைப் படிக்கும்போது நம் தேங்காய்த் தும்பு நினைவுக்கு வருகிறதல்லவா? பொச்சிலிருந்து உரித்த ஒரு பிடி தும்பு காசில்லாமல் கிடைக்கிறது, வெயிலில் உடனே காய்கிறது, சில நாட்களில் எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம். மீன் பலகைக்கு ஒரு தும்பு, மற்றப் பாத்திரங்களுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணியைப் பொறுத்தவரை, பழைய சாரத்தைக் கிழித்து ஏழெட்டுத் துண்டுகள் செய்து அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் புதிய துண்டு. மீன் தண்ணீரைத் துடைத்த துண்டு உடனே கழுவும் வாளிக்குள் போகட்டும். துண்டுகளைச் சவர்க்காரத்தில் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவிடுங்கள். கை துடைக்க வேறு துணி, பீங்கான் துடைக்க வேறு துணி.

நான்கு படிகள்

பச்சை மீனும் இறைச்சியும் பட்ட தட்டையும் பலகையையும் சுத்தம் செய்ய நான்கு படிகள் உண்டு. செதிலையும் துணுக்குகளையும் வழித்தெடுத்தல், சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவுதல், கிருமி நீக்குதல், காயவிடுதல். முதலிரண்டையும் செய்யாமல் மூன்றாவதற்குப் போவதில் பயனில்லை. அழுக்கு இருக்குமிடத்தில் குளோரின் அந்த அழுக்கோடு சேர்ந்து வீணாகிவிடும்.

கிருமி நீக்கக் கொதிநீரை ஊற்றலாம். பலகைக்கும் கத்திக்கும் அது போதும். தட்டுக்கு, துணி வெளுக்கும் திரவ ப்ளீச்சைப் பாவிக்கலாம். வாசனை சேர்க்காத சாதாரண வகையில் ஒரு தேக்கரண்டியை ஒன்றேகால் லீட்டர் தண்ணீரில் கலந்து, தட்டில் பூசிச் சில நிமிடங்கள் விட்டு, காற்றில் காயவிடுங்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே முடித்துவிட வேண்டும். மருந்தைக் கூட்டினால் சுத்தம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கைத்தோலும் மூச்சும்தான் பாதிக்கப்படும். நாள் முழுவதும் ப்ளீச் ஊற்றவும் தேவையில்லை. பச்சை மீன், இறைச்சி, முட்டை பட்ட பிறகு ஒரு தடவை போதும். மற்ற நேரங்களில் சவர்க்காரமும் தண்ணீருமே போதுமானவை.

குளோரினின் பயன் இன்று நேற்றுக் கண்டதல்ல. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரின் பிரசவ விடுதியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்கள் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. நம் பிரதேசத்தவர்களுக்கும் குளோரின் அந்நியமல்ல. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கிழக்குக் கரையோரத்தின் கிணறுகளை உப்பும் அழுக்குமாக்கிய பிறகு, கிணறுகளுக்குக் குளோரின் இட்ட அந்த நாட்களைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் கிணற்றுக்குப் போடும் தூள் வேறு, கடையில் வாங்கும் திரவம் வேறு. இரண்டின் வலுவும் ஒன்றல்ல. தூளைக் குசினியில் கையளவாகப் பாவிக்காதீர்கள்.

உயிர் காக்கும் எச்சரிக்கை ஒன்று. ப்ளீச்சோடு வினாகிரியையோ, தேசிக்காய்ப் புளியையோ, மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறு குசினியில் அது உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பதும் கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

சாம்பலும் தேசிக்காயும்

2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு சிலிண்டர் விபத்துகள் நாட்டையே பயமுறுத்தின. அடுத்த ஆண்டு எரிவாயுவே கிடைக்கவில்லை. பல வீடுகளில் மீண்டும் விறகடுப்பு மூண்டது. சவர்க்காரத்தின் விலையும் எகிறியது. அப்போது சாம்பலின் அருமை மீண்டும் தெரிந்தது. சாம்பலில் காரம் இருப்பதால் அது எண்ணெய்ப் பிசுக்கை வெட்டி எடுக்கும். கருகிய சட்டிக்கும் கரி பிடித்த தட்டுக்கும் நல்லது. ஆனால் பொலித்தீனும் சொப்பிங் பேக்கும் எரித்த சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது. சுத்தமான விறகின் சாம்பலாக இருக்க வேண்டும். பளபளப்பான டைல்ஸிலும் கண்ணாடியிலும் அது கீறல் விழுத்தும்.

தேசிக்காயும் வினாகிரியும் மீன் நாற்றத்தைப் போக்கும். அந்த நாற்றம் காரத்தன்மை கொண்டது, புளி அதை முறிக்கிறது. குழாயில் படிந்த உப்புக் கறையையும் எடுக்கும். ஆனால் நாற்றம் போனதால் கிருமியும் போனதென்று நினைப்பது தவறு. இரண்டையும் சவர்க்காரத்துக்குத் துணையாகக் கொள்ளலாம், அதற்குப் பதிலாகக் கொள்ளக்கூடாது.

கச்சானும் வாடையும்

நம் பிரதேசத்துக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசு யன்னல் வழியே வந்து தட்டில் படியும். காலையில் துடைத்த தட்டையே பகலில் வேலை தொடங்குமுன் மறுபடி துடைக்க வேண்டும். உணவை மூடாமல் வைக்கவே கூடாது. வெயில் தாராளம் என்பதால் பலகை, துணி, தும்பு யாவற்றையும் வெளியே காயவிட இதுவே நல்ல காலம்.

வாடை காலத்தில் நிலைமை தலைகீழ். மழையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து எதுவும் காயாது. மரப் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பின் சூடு படுமிடத்தில் பலகையைச் சாய்த்து வையுங்கள். சீனக்குடா ஆலையின் கோதுமை மா நம் வீடுகளில் இல்லாத நாளில்லை. ரொட்டி பிசைந்த மா தட்டின் இடுக்குகளில் இறுகிப்போனால் எறும்பும் கரப்பொத்தானும் இரவில் அதைத் தேடி வரும். இறுகுமுன் வழித்தெடுங்கள். பகலில் இலையான், இரவில் கரப்பொத்தான் என்று மலத்திலும் குப்பையிலும் நடந்த கால்கள்தான் நம் தட்டிலும் நடக்கின்றன. இரவு படுக்கப் போகுமுன் தட்டு காய்ந்தும் வெறுமையாகவும் இருந்தால் அவை வர அவ்வளவு காரணம் இராது.

நோன்பும் ஹஜ்ஜுப் பெருநாளும்

குசினிக்கு ஓய்வில்லாத நாட்கள் நோன்பு நாட்கள். அஸரிலிருந்து மஃரிப் வரை கஞ்சியும், சமோசாவும், கட்லட்டும், பழமும் ஒரே நேரத்தில் தயாராகின்றன. பழம் வெட்டும் வேலையை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்து, அதைக் குசினிக்கு வெளியே வேறு மேசையில் செய்யச் சொல்லுங்கள். முட்டையில் தோய்த்த கையோடு பழத்தைத் தொட வேண்டியிராது. மிஞ்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஸஹருக்கு எடுக்கும்போது நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி பை பையாக வந்து சேரும். அன்று குசினித் தட்டில் இறைச்சி வெட்டாமல், முற்றத்திலோ பின்வாசலிலோ சுத்தமான பொலித்தீன் விரித்து வெட்டிப் பங்கிடுவது நல்லது. வெட்டுபவர் வெட்டட்டும், பை கட்டுபவர் கட்டட்டும், அடுப்பைப் பார்ப்பவர் இறைச்சியைத் தொடாதிருக்கட்டும். வீட்டில் கைகள் அதிகம் என்பது அன்று உதவிக்கு வரும்.

சுத்தத்தால் தீராத ஒன்று

எவ்வளவு சுத்தம் பேணினாலும் பழுதான மீனைத் திருத்த முடியாது. சூரை, கீரி போன்ற மீன்களை வெயிலில் வைத்தால் கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி ஏற்படும். “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இதுவே. எனவே ஐஸ் இல்லாத பெட்டியில் நண்பகல் வரை சுற்றிய மீனை மலிவு என்று வாங்காதீர்கள்.

இது பெண்களுக்கு மாத்திரமா?

மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டு, “இத்தனையும் நான் ஒருத்தியே செய்வதா?” என்று கேட்கும் சகோதரிகளின் கேள்வி நியாயமானது. பலர் புழங்கும் குசினியை ஒருவர் மாத்திரம் சுத்தமாக வைத்திருக்க முடியாது. சந்தையிலிருந்து வரும் வாப்பா மீன் பையை நேரே தட்டின் மீது வைக்கிறார். பாடசாலை விட்டு வரும் மகன் புத்தகப் பையை ரொட்டி சுடும் இடத்தில் வைக்கிறான். மகள் கை கழுவாமல் சம்பலை ருசி பார்க்கிறாள். இவர்களுக்குப் பின்னால் நாளெல்லாம் துடைத்துக்கொண்டு திரிவதால் உம்மாவின் இடுப்புத்தான் ஒடியும்.

ஆகவே வீட்டார் அனைவரும் ஒரு நாள் உட்கார்ந்து இந்த ஐந்து காரியங்களையும் ஒப்புக்கொள்ளட்டும்:

1. மீனையும் இறைச்சியையும் கொண்டு வருபவர் குசினி வாசலில் அதற்கென்று வைத்த பாத்திரத்திலேயே வைப்பார்.

2. சிவப்புக் கயிறு கட்டிய பலகையில் மீனும் இறைச்சியும் தவிர வேறெதையும் எவரும் வெட்டமாட்டார்.

3. சம்பலும் சலாதும் முதலில், மீன் கடைசியில்.

4. பச்சை மீனையோ இறைச்சியையோ தொட்டவர் சவர்க்காரம் போட்டு இருபது விநாடியாவது கை கழுவிய பின்பே குழாய்ப் பிடி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, பிள்ளை ஆகியவற்றைத் தொடுவார்.

5. இரவில் கடைசியாகக் குசினியை விட்டு வெளியேறுபவர், அது ஆணாயினும் பெண்ணாயினும், தட்டைத் துடைத்து உலரவிட்டுப் பாவித்த துணியைக் கழுவப் போடுவார்.

இவ்வளவு செய்த பிறகும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியைக் கொதித்தாறிய நீரில் பக்கெட்டில் சொன்ன அளவுப்படி கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சலம் போவது குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது பலகை ஒன்று வாங்கப் பெரிய செலவில்லை. சிவப்புக் கயிறு வீட்டிலேயே இருக்கும். நாளைக் காலையில் மீன்காரர் வருமுன் சம்பலை இடித்து மூடி வைத்துவிட்டால் வேலை தொடங்கியாயிற்று.